ஸல்ஹா அளந்த தலைகள்

ஸல்ஹாவுக்குப் பிடித்த ஸ்கான் படம் எது என்று கேட்டால், நோய் எதுவும் இல்லாத படம் என்பாள். அப்படி ஒரு ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஸ்கான் எடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் கட்டி, இரத்தக்கசிவு, குண்டு சிதறிப் பாய்ந்த வெடித்துண்டு என்று எதையாவது கண்டால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒன்றுமில்லை என்றால் படத்தை உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இவளோ அங்கேதான் தொடங்குவாள்.

என் பெயர் இரத்தினசிங்கம். திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு தனியார் ஸ்கான் நிலையத்தில் இருட்டறை என்னுடையது. எக்ஸ்ரே படங்களைக் கழுவிக் காயவைப்பதுதான் தொழில். சண்டை மறுபடி தொடங்கிய காலத்தில் முதலாளி எங்கிருந்தோ பழைய சி.ரி. இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து இறக்கினார். அது தலையைத் துண்டு துண்டாக வெட்டினாற்போல் கொம்பியூட்டரில் காட்டியது. எனக்குக் கழுவ அதிகம் மிஞ்சவில்லை. அதனால் அந்த இயந்திரத்தின் மேலும், அதை இயக்க வந்த ஸல்ஹாவின் மேலும் எனக்கு முதல் நாளே எரிச்சல்.

அவள் கிண்ணியாக்காரி. முப்பது வயதிருக்கும். பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கழிமுகத்தைக் கடக்கும் மிதவையை அந்த ஊரில் பாதை என்பார்கள். காலையில் அந்தப் பாதையில் வந்து இறங்கி, சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து திறந்து காட்டி, எங்களுக்கு முன்பே வந்து இயந்திரத்தைச் சூடாக்கி வைத்திருப்பாள். தகப்பன் தாஹிர் தொப்பி தைக்கிறவர். மண்டையோட்டில் இவ்வளவு ஆசை எங்கிருந்து வந்தது என்று நான் ஒருமுறை குத்தலாகக் கேட்டேன்.

"வாப்பாட கடைக்கு ஒரே வயசு ஆக்கள் நாலு பேர் வந்தா நாலு அளவுத் தொப்பி போகும் அண்ணன். வெளிய இப்பிடியெண்டா உள்ளுக்கு எப்பிடி இரிக்கும்?" என்றாள்.

இந்தப் பைத்தியத்துக்குத் தூபம் போட்டவர் டொக்டர் சோமசேகரம். கிழமைக்கு இரண்டு நாள் கண்டியிலிருந்து வந்து படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர். "புத்தகத்தில இருக்கிற அளவெல்லாம் வெள்ளைக்காரன்ர தலை. எங்கட சனத்தின்ர தலையை ஆர் அளந்தது?" என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். தலையிடி, மயக்கம் என்று வந்து, தலைக்குள் குறை ஒன்றும் இல்லை என்று போகிறவர்களிடம் ஸல்ஹா சம்மதம் கேட்டுவிட்டு அந்தப் படங்களை அளக்கத் தொடங்கினாள். பெயர் எழுதமாட்டாள். வயது, ஆணா பெண்ணா, அதோடு அளவுகள். நெற்றி எலும்பின் தடிப்பு, பின்மண்டையின் தடிப்பு, எலும்புக்குள் காற்று நிற்கும் அறைகளின் அகலம், நரம்பும் இரத்தக்குழாயும் போகிற சின்னத் துவாரங்கள், எல்லாம்.

ஒருநாள் "அண்ணன், ஓடி வாங்க" என்று கத்தினாள். இயந்திரம் தீப்பிடித்துவிட்டது என்று நான் மண் வாளியோடு ஓடினேன். அவள் திரையைக் காட்டினாள். ஒரு நெற்றி. அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு.

"பிறக்கக்குள்ள நெத்தி எலும்பு ரெண்டு துண்டு. கொஞ்ச நாளில ஒட்டிரும். இந்த மனிசனுக்கு நாப்பது வயசாகியும் ஒட்டல்ல. குழந்தைப்பிள்ளைட நெத்தியோட இவ்வளவு காலம் யாவாரம் செஞ்சிருக்கார், அவருக்கே தெரியா."

"இது என்ன வருத்தம்?"

"வருத்தமில்ல. சும்மா. சில ஆக்களுக்கு இப்பிடி."

அந்தச் 'சும்மா'வைச் சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும். லொத்தர்ச் சீட்டு விழுந்தவர்களின் முகம்கூட அப்படி இராது. எனக்குத் தலையிடி வந்து படம் எடுத்தபோதும் விடவில்லை. "உங்கட பின்மண்டை நல்ல தடிப்பு அண்ணன், இதுவரைக்கும் அளந்ததில ரெண்டாவது" என்றாள். அது புகழ்ச்சியா ஏளனமா என்று விளங்காமல் வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி பூரணி, "இதைச் சொல்லவோ ஸ்கான் எடுத்தவை?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

இருநூறு தலைகளுக்கு மேல் அளந்த பிறகு ஒரு ஆவணி மாதக் காலையில், சார்ஜன்ட் லாபிர் இரண்டு பொலிஸ்காரரோடு வந்தார். நடுவே கையில் விலங்கு போட்ட ஒரு ஆள். ஆனந்தராசா என்று பெயர். திரியாயில் வயல் செய்கிறவர். பூசணிக்காய் விற்க நகரத்துக்கு வந்த இடத்தில், சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் தலையைப் பிடித்துக் கீழே அழுத்தியிருக்கிறான். அழுத்திய விரல்கள் பின்மண்டையில் இரண்டு இடத்தில் அமிழ்ந்திருக்கின்றன. ஒரு குழிக்குப் பக்கத்தில் தோலில் ஒரு பழைய தழும்பும் இருந்திருக்கிறது. அந்த இடத்திலேயே பிடித்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்து ஆணின் உடம்பில் ஒரு தழும்பு இருந்தால் அதற்கு ஒரு கதையும் இருக்க வேண்டும். சாவடியில் சேட்டைக் கழற்றச் சொல்வார்கள். முழங்காலில் என்றால் சைக்கிளால் விழுந்தது. தோளில் என்றால் கொதிதண்ணீர் ஊற்றுப்பட்டது. வீட்டில் எல்லோரும் ஒரே கதையைப் பாடமாக்கி வைத்திருப்பார்கள், கேட்டால் பிசகக்கூடாது என்று. ஆனந்தராசாவின் வீட்டில் தலைக்குக் கதை தயாராக இருக்கவில்லை. அவர் பயத்தில் எருது முட்டியது என்றிருக்கிறார். அவருடைய மனைவி புஷ்பவதியைத் தனியே கேட்டபோது அவ பனையால் விழுந்தது என்றிருக்கிறா. இரண்டும் பொய். அந்தக் குழிகள் எப்படி வந்தன என்று இரண்டு பேருக்குமே தெரியாது. தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்று ஆளுக்கொன்றைச் சொல்லி, உள்ள சந்தேகத்தையும் உறுதியாக்கிவிட்டார்கள்.

சண்டையில் காயப்பட்டுக் காட்டுக்குள் வைத்தியம் செய்த ஆள் என்பது பொலிஸின் எண்ணம். சட்ட வைத்திய அதிகாரி ஸ்கான் எடுத்துப் பார்க்கும்படி அனுப்பியிருந்தார். காயம் என்று எங்கள் அறிக்கை சொன்னால், அன்று பின்னேரம் தெற்கே தடுப்பு முகாமுக்குப் போகிற வாகனத்தில் ஆனந்தராசாவும் ஏற வேண்டும். அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. பொலிஸ் வண்டிக்குப் பின்னால் பஸ்ஸில் வந்திறங்கிய புஷ்பவதி எங்கள் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தா.

"விலங்கோட ஆளைப் படுக்கப்போட ஏலா. கழட்டுங்க" என்றாள் ஸல்ஹா.

"ஓடினா நான்தான் தங்கச்சி பதில் சொல்லோணும்" என்றார் லாபிர்.

"மிசினுக்குள்ளால எங்க ஓடுற? கழட்டுங்க சார்ஜன்ட்."

கழற்றினார். படம் வந்தது. டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குக்கூட விளங்கிற்று. வெள்ளையாகத் தெரிந்த மண்டையோட்டின் பின்பக்கத்தில் இரண்டு ஓட்டைகள், ஒவ்வொன்றும் பெருவிரல் போகக்கூடிய அளவு. மூளைக்கும் தோலுக்கும் நடுவே அந்த இடத்தில் எலும்பே இல்லை.

"இரத்தக்கசிவை எடுக்கிறதுக்கு மண்டையில துளை போடுறவை," என்றார் டொக்டர் மெல்ல. "அப்பிடி ஆரோ போட்டதாயும் இருக்கலாம். ஸல்ஹா, நீர் இவ்வளவு தலை அளந்திருக்கிறீர். இப்பிடி ஒண்டு கண்டிருக்கிறீரோ?"

லாபிர் அவளைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற புஷ்பவதியும் பார்த்தா. கண்டிருக்கிறேன் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிடு பிள்ளை என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். ஆனால் இவளுக்குப் பொய் வராது.

"இல்ல டொக்டர். என்ட அளவுக்குள்ள இது வரல்ல. அந்தப் பக்கத்தில நான் கண்ட ஆகப் பெரிய துவாரம் குண்டூசித் தலையளவுதான்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு நாள் மண்டை மண்டையாக அளந்து கண்டது இதுதானா, ஒரு ஏழை மனுசனை ஏற்றி அனுப்பவா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. லாபிர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நில்லுங்க," என்றாள் ஸல்ஹா. "அந்தப் பக்கத்தில எண்டு நானே சொன்னன்தானே. எந்தப் பக்கத்தில? நான் இன்னும் இடத்தை அளக்கல்ல."

திரும்பி உட்கார்ந்தவள் மவுஸைப் பிடித்தாள். உச்சியின் நடுவே முன்னும் பின்னுமாக ஓடுகிற எலும்புப் பொருத்து ஒன்றுண்டு. அதன் இருபுறமும், பின்மண்டைக்குச் சற்று முன்னால், அநேகமான ஆட்களுக்கு ஊசித் துவாரம் ஒன்றோ இரண்டோ இருக்கும். சிலருக்கு இராது. ஒரு சின்ன இரத்தக்குழாய் அதனூடாகப் போகிறது. பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நடுப்பொருத்திலிருந்து அந்தத் துவாரம் எவ்வளவு தூரம், பின்மண்டைப் பொருத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தாள். பிறகு ஆனந்தராசாவின் ஓட்டைகளின் நடுப்புள்ளியை அளந்தாள். இன்னொருமுறையும் அளந்தாள்.

"டொக்டர், அளவுதான் வேற. இடம் அதேதான். ரெண்டு பக்கமும் அதேதான்."

டொக்டர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். திரைக்குள் போய்விடுகிற மாதிரிக் குனிந்தார். "ஓரத்தைப் பெருப்பியும். இன்னும். பாரும், வெட்டின ஓரமில்லை, வெடிச்ச ஓரமுமில்லை. வரவர மெலிஞ்சு தானாய் முடியுது. வெடித்துண்டு ஒரு பக்கத்தில பட்டால் மற்றப் பக்கத்தில அளந்து படுமோ? இது அந்த ஊசித்துவாரம்தான், மூடாமல் பெருசாய் நிண்டிட்டுது. படிக்கிற காலத்தில ஒருக்கா வாசிச்சிருக்கிறன், கண்ணால காணேல்லை." அறுபது வயது மனுசன் சின்னப் பிள்ளைபோலக் கைகளை உரசினார். "இது குடும்பத்தில வாறது. தகப்பனிட்ட இருந்து பிள்ளைக்கு, தாயிட்ட இருந்து பிள்ளைக்கு. இன்னொரு ஆளுக்கு இருந்தால் ஒருத்தரும் வாய் திறக்கேலாது."

நான் கதவைத் திறந்து புஷ்பவதியைக் கேட்டேன். ஆனந்தராசாவின் தாய் தகப்பன் இல்லை. ஒரே ஒரு அக்கா, குணேஸ்வரி, கப்பல்துறையில் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர்.

"பின்னேரம் வாகனம் வரும். அதுக்குள்ள எண்டா நான் நிப்பன். பிறகு என்ட கையில இல்ல" என்றார் லாபிர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தபடி உட்கார்ந்தும்விட்டார். நல்ல மனுசன்.

அடுத்த நிமிடமே நான் மோட்டார் சைக்கிளை உதைத்தேன். கண்டி வீதியில் அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன் ஓடியதில்லை. சந்தியில் மாடுகளைப்போலப் படுத்திருந்த நகரத்து மான்கள் இரண்டு எழும்பி என்னை முறைத்தன. ஒவ்வொரு சாவடியிலும் இறங்கு, உருட்டு, அடையாள அட்டையைக் காட்டு, ஏறு. சீனக்குடா தாண்டும்போது உடம்பெல்லாம் வியர்வை.

குணேஸ்வரி ஐம்பது வயது, பெரிய கொண்டை, அரிசிக் கூப்பன் காலத்து அதிகாரம் குரலில் அப்படியே இருந்தது. நான் மூச்சு வாங்கச் சொன்னதை முழுதும் கேட்டா. பிறகு கொண்டைக்குள் கையை விட்டு, தலையைத் தடவி, என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

"எனக்கும் ரெண்டு பள்ளம் இருக்குத்தான். எல்லாருக்கும் இப்பிடித்தான் எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான். உங்களுக்கு இல்லையோ?"

என் தலையைத் தடவிக் காட்டினேன். தடித்த மண்டை, பள்ளமில்லை. சந்தோசத்தில் அந்த இடத்திலேயே துள்ளலாம் போல் இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்.

"அக்கா, வந்து படம் எடுத்தால் தம்பி தப்பலாம். ஆனால் பொலிஸ் நம்பாட்டி உங்களையும் அந்தக் கேள்விதான் கேப்பினம்."

"பேய்க்கதை கதையாமல் சைக்கிளை எடுங்கோ" என்று சொல்லி, வரிசையில் நின்ற சனத்தைக் கலைத்துவிட்டுக் கடையைப் பூட்டினா.

திரும்பி வரும்போது ஒரு சாவடியில் பெண்களைத் தனியே தகரக் கொட்டிலுக்குள் கூப்பிட்டார்கள். கொண்டைக்குள் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் உண்டு. குணேஸ்வரி உள்ளே போய் வெளியே வர நேரமெடுத்தது.  தலைமயிர் தோளில் விரிந்து கிடக்க வெளியே வந்து பின்னால் ஏறினா. அரை மைல் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தா.

"என்னைத் தடவிப் பாத்த ஆமிப் பிள்ளையின்ர விரல் பள்ளத்தில பட்டது. ஒருக்கா நிண்டது. நான் மூச்சு விடேல்லை. பிறகு என்னவோ, போ எண்டிட்டுது."

ஸ்கான் நிலையத்தில் ஸல்ஹா கட்டிலைத் தயாராக வைத்திருந்தாள். அந்த அவசரத்திலும் விதியை விடவில்லை. "அக்கா, வயித்தில பிள்ளை ஏதும் இரிக்கா?" என்று கேட்டாள். குணேஸ்வரி படுத்தபடி சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "ஆட ஏலா அக்கா, படம் கலங்கிரும்" என்று ஸல்ஹா அதட்டினாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். டொக்டர், நான், லாபிர், விலங்கு இல்லாமல் ஆனந்தராசா, அவருடைய கையைப் பிடித்தபடி புஷ்பவதி. படங்கள் கீழிருந்து மேலாக வந்தன. தாடை, கன்னம், காதுக்குப் பின்னால் தேன்வதைபோல் காற்றறைகள், நெற்றி. எங்கும் முழு எலும்பு. இன்னும் மேலே. முழு எலும்பு. புஷ்பவதி முனகினா. அடுத்த படத்தில் இடது பக்கம் எலும்பு மெலிந்தது. அதற்கடுத்ததில் இரண்டு பக்கமும் திறந்தன.

"இரிக்கு" என்றாள் ஸல்ஹா. அளந்தாள். "தம்பிட அளவை விடக் கொஞ்சம் சின்னன். இடம் அதே இடம்."

டொக்டர் லாபிரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அவ்வளவு குலுக்க அந்தச் சார்ஜன்ட் என்ன குற்றம் செய்தாரோ தெரியாது. லாபிர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சொன்னார்: "சங்கக்கடை அக்காவும் தம்பியும் ஒரே சண்டையில ஒரே இடத்தில ரெண்டு ரெண்டு காயம் பட்டவங்க எண்டு எழுத எனக்கு ஏலா. அறிக்கையைத் தாங்க டொக்டர்."

"அந்தத் தழும்பு?" என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார்.

"சிரங்கு," என்றா குணேஸ்வரி கொண்டையை முடிந்தபடி. "ஏழு வயசில. ஊரெல்லாம் மணத்தது."

ஆனந்தராசா அக்காவைப் பார்த்து முறைத்தார். அன்று அவர் முகத்தில் பயம் தவிர வேறொன்றை நான் கண்டது அப்போதுதான். சட்ட வைத்திய அதிகாரி அறிக்கையையும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பின்னேர வாகனம் ஆனந்தராசா இல்லாமல் போயிற்று.

அன்று தேத்தண்ணி குடிக்கும்போது டொக்டர், "இந்த ரெண்டையும் எங்கட கணக்கில சேர்க்கேலாது, சராசரி குழம்பிப்போம்" என்றார்.

"தனியா எழுதுங்க டொக்டர். ஆனா நோயெண்டு எழுதாதீங்க. நான் அளந்தது போதல்ல, அவ்வளவுதான். சும்மா இரிக்கிற தலைதான் இதுவும்" என்றாள் ஸல்ஹா. அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். இருட்டறைக்காரனுக்கு அந்த இயந்திரத்தின் மேல் இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது.

புஷ்பவதி மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் புறப்பட்ட பிறகு திரும்பி வந்து டொக்டரின் முன்னால் நின்றா.

"தகப்பனிட்ட இருந்து பிள்ளைக்கு வரும் எண்டனீங்கள். மகனுக்கு நாலு வயசு. பின்னுச்சி இன்னும் மெத்தெண்டுதான் இருக்கு. சத்துக் காணாது எண்டு நினைச்சிருந்தனான்."

அடுத்த கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வந்தா. நிதுர்சன் என்று பெயர். புதுச் சப்பாத்து போட்டிருந்தான், அதை எங்கள் எல்லோருக்கும் காட்டினான். இவனுக்கு ஸ்கான் தேவையில்லை, கை போதும் என்று டொக்டர் சொன்னார். ஸல்ஹா அவனை மடியில் வைத்து, பின்தலையில் இரண்டு விரல்களை மெல்ல வைத்தாள். டொக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள். பந்து விளையாடும்போது கவனம், மற்றப்படி ஒன்றுமில்லை, நூறு வயதுக்கு இருப்பான் என்று டொக்டர் சந்தோசமாகத்தான் சொன்னார்.

"அப்ப அதை இப்பவே எழுதித் தாங்கோ," என்றா புஷ்பவதி. "இவன் வளர்ந்து சாவடியால போகேக்குள்ள நீங்கள் எல்லாரும் எங்க இருப்பியளோ தெரியாது."

நாலு வயதுப் பிள்ளைக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. டொக்டர் ஒரு கடிதத்தாளை இழுத்து முன்னால் வைத்தார். பிறகு பேனாவைத் திறந்து, இந்தப் பிள்ளையின் தலையில் உள்ளவை பிறவியிலேயே உள்ளவை, இவன் எந்தச் சண்டையிலும் காயப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.